வெட்டுக்குக் கீழே புள்ளி

லாகூர் உருது பஜாரில் ஹாஜி இஃப்திகாரின் அச்சகத்துக்கு மேல்மாடியில் ஒரு மின்விசிறி உண்டு. சத்தம் நிறையப் போடும், காற்று கொஞ்சம் தரும். அதற்குக் கீழே உட்கார்ந்து ருக்ஷந்தா பதினோரு வருடமாக ஆங்கிலச் சொற்களுக்கு உருதுவில் பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான அகராதி அது. ஒரு சொல், அதற்கு உருதுப் பொருள், கீழே அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம். அவ்வளவுதான் வேலை.

பொருள் எழுதுவதில் அவளுக்கும் ஹாஜிக்கும் சண்டை வந்ததே இல்லை. வாக்கியத்தில்தான் வரும். பஜாரில் விற்கிற அத்தனை அகராதியிலும் அஸ்லம் பள்ளிக்கூடம் போவான், நஜ்மா ரொட்டி சுடுவாள். பதினோரு வருடம் ரொட்டி சுட்டும் நஜ்மாவுக்குக் கை வலிக்கவில்லை போலிருக்கிறது என்று ருக்ஷந்தா சொல்வாள். அவள் எழுதுகிற வாக்கியங்களில் நஜ்மா பஸ் ஓட்டுவாள், வீட்டு வாடகையைப் பற்றி வாக்குவாதம் செய்வாள், ஒருமுறை அஸ்லமை அறைந்தும் விட்டாள். ஹாஜி சிவப்புப் பேனாவை எடுத்து ஒரே கோடாக இழுப்பார்.

அதற்கும் அவளிடம் மருந்து இருந்தது. அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்கு முன்னால் திருத்துகிற தாளான ப்ரூஃபில் ஒரு வரியைத் தவறிப்போய்க் கோடிட்டு அடித்துவிட்டால், திரும்ப எழுத வேண்டியதில்லை. அடித்த கோட்டுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினால் போதும். அந்த வரி பிழைத்துக்கொள்ளும். ஹாஜி அடிப்பார், ருக்ஷந்தா புள்ளி வைப்பாள். பாதி நாள் ஹாஜி அலுத்துப்போய் விட்டுவிடுவார்.

ருக்ஷந்தாவின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது 'டெலிகேட்' என்ற சொல் வந்தது. உருதுவில் தஃப்வீஸ் என்று பொருள் எழுதினாள். தன் கையில் உள்ள அதிகாரத்தை இன்னொருவர் கையிலும் கொடுப்பது. கீழே வாக்கியம்: 'கணவன் விவாகரத்து செய்யும் உரிமையை மனைவிக்கும் தஃப்வீஸ் செய்தான்.'

ஹாஜி தாளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டார். அறுபத்தெட்டு வயதில் அந்தப் படிகளை அவர் அவ்வளவு சுலபத்தில் ஏறுவதில்லை.

"என்னம்மா இது?"

"அர்த்தம் சரிதானே, ஹாஜி சாகிப்."

"அர்த்தத்துக்கு என்ன குறை. ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கு எதுக்கு விவாகரத்து?"

"ஆறாங்கிளாஸ் பிள்ளையோட அம்மா படிக்கட்டும்."

"அம்மா படிச்சா அப்பன் வந்து என் கடைக் கண்ணாடிய உடைப்பான்." சிவப்புக் கோடு விழுந்தது. அவள் புள்ளி வைத்தாள். அவர் மறுபடி அடித்தார். மறுபடி புள்ளி. மூன்றாம் முறை, புள்ளி வைக்க இடமே இல்லாதபடி பட்டையாக அடித்து, மேலே தன் கையாலேயே எழுதினார்: 'ஹெட்மாஸ்டர் தன் அதிகாரத்தைக் கிளார்க்குக்கும் தஃப்வீஸ் செய்தார்.'

"இந்த ஹெட்மாஸ்டர் யாரு வம்புக்கும் போகமாட்டார்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ருக்ஷந்தா அந்த வாக்கியத்துக்காக அவ்வளவு மல்லுக்கு நின்றதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவளுடைய அக்கா ஃபர்ஹத்.

ஃபர்ஹத்துக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். நான்காம் வருடம் புருஷன் ஷார்ஜா போனான். போன இடத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். திரும்பியும் வரவில்லை, தலாக்கும் சொல்லவில்லை. போனில் கெஞ்சினால், "நீ பாட்டுக்கு இருந்துட்டுப் போ, உன்ன யாரு என்ன பண்ணாங்க" என்பான். அவள் கோர்ட்டுக்குப் போனாள். ஒருநாள் ஜட்ஜ் லீவு, ஒருநாள் வக்கீல்கள் வேலைநிறுத்தம், ஒருநாள் ஷார்ஜா விலாசம் தப்பு என்று நோட்டீஸ் திரும்பி வரும். இப்படியே மூன்று வருடம்.

முதல் நாளே வக்கீல் அம்மா நிக்காஹ் பத்திரத்தை விரித்துப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பதினெட்டாவது கட்டத்த யாரும்மா அடிச்சது?" என்று கேட்டார். கணவன் விவாகரத்து உரிமையை மனைவிக்கும் தஃப்வீஸ் செய்திருக்கிறானா என்று அரசாங்கமே அச்சடித்துக் கேட்கிற கட்டம் அது. அங்கே 'ஆம்' என்று ஒரு சொல் இருந்திருந்தால், நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்தில் ஃபர்ஹத் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். யார் அடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்தன்றைக்கு முக்காட்டுக்குள்ளே குனிந்தபடி, தாய்மாமன் ரஃபாகத் மாமூ விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். மாமூவைக் கேட்டால், "எல்லார் கல்யாணத்துலயும் அப்படித்தானே அடிக்கிறாங்க" என்றார். ஒரு கோடு. அதை இழுத்தவனுக்கு அரை நொடி ஆகியிருக்கும். என் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

அதனால் மாப்பிள்ளை சர்மத்திடம் ருக்ஷந்தா போனிலேயே பேசிவிட்டாள். அவன் அரசாங்கக் கால்நடை டாக்டர். அவள் அவனை டாக்டர் சாகிப் என்றுதான் கூப்பிடுவாள். "பதினெட்டாவது கட்டத்த அடிக்கக் கூடாது, ஆமான்னு எழுதணும்" என்றாள். போனில் ஒரு கன்றுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. "சரி, எழுதிடலாம்" என்றான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அன்றைக்கு இரவு அவள் கண்ணாடி முன்னால் நின்று காரணமில்லாமல் சிரித்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஒருவனைப் பிடித்துப்போயிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நிக்காஹ். சமனாபாத்தில் ஒரு மண்டபம். குளிர்கால வெயில் இதமாக அடித்தது. நடுவே துணித் திரை, அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். பின்கட்டில் பிரியாணி தேக்சாக்கள் மூடிக்கு மாவு பூசி, தணலில் தம்மில் இருந்தன. நிக்காஹ் முடிந்து பேரீச்சம்பழம் வீசுகிறவரை எந்த மூடியையும் திறக்க மாட்டார்கள். வாசனை மட்டும் திரையின் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தது.

ரஃபாகத் மாமூதான் நிக்காஹில் பெண் சார்பில் நிற்கிற வக்கீல். இரண்டு சாட்சிகளையும் பதிவுப் புத்தகத்தோடு வந்த பதிவாளர் மௌல்வி சிப்கத்துல்லாவையும் கூட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தார். மௌல்வி தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டர் சர்மத்தை மாப்பிள்ளை தரும் இன்ன மஹர் தொகைக்குக் கணவராக ஏற்கச் சம்மதமா என்று கேட்டார். இந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்தபடி ஆட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கிறவர்கள் அழ வேண்டும். அவளுடைய அம்மா, அம்மி, அழ ஆரம்பித்தும் விட்டாள்.

ருக்ஷந்தா முக்காட்டைத் தூக்கித் தலைக்கு மேலே போட்டுக்கொண்டாள். "புத்தகத்தக் குடுங்க. படிச்சுட்டுச் சொல்றேன்."

"என்னத்தப் படிக்கிற" என்றார் மாமூ. "எல்லாம் நான் பாத்தாச்சு."

"ஃபர்ஹத் பாஜியோடதையும் நீங்கதான் பாத்தீங்க, மாமூ."

மாமூ மௌல்வியிடம் கையை நீட்டினார். புத்தகம் கைக்கு வந்தது. பெயர், வயது, மஹர் எல்லாம் சரி. பதினேழாவது கட்டத்திலிருந்து இருபது வரை குறுக்கே ஒரு கோடு. ஸ்கேல் வைத்து, அழகாக, நேராக. அவள் அடுத்த படிவத்தைத் திருப்பினாள். அதில் பெயரே எழுதவில்லை, கோடு மட்டும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. கடைசிவரை இருந்தது.

"மௌல்வி சாகிப், இது என்ன?"

"அதெல்லாம் தேவையில்லாத கட்டம், மகளே. புத்தகம் கைக்கு வந்த அன்னைக்கே உக்காந்து மொத்தத்தையும் அடிச்சிடுவேன். கல்யாணத்தன்னைக்கு எல்லாருக்கும் நேரம் மிச்சம்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. ஏதோ ஒரு சாயங்காலம் டீயைக் குடித்துக்கொண்டே, பெயர் தெரியாத, இன்னும் நிச்சயமே ஆகாத பெண்களின் உரிமையை ஸ்கேல் வைத்து அடித்துப்போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

"அடிக்காத புத்தகம் இருக்கா?"

"ஆபீஸ்ல இருக்கு. திங்கக்கிழமைதான் திறப்பாங்க."

"அப்ப நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."

அம்மியின் அழுகை நின்றுவிட்டது. இதை எதிர்பார்த்து அவள் அழவில்லையே. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினாள். "வீட்டுக்குள்ள இன்னும் காலே வைக்கல, அதுக்குள்ள வெளிய போற வழியக் கேக்குறாளே."

"இந்த மண்டபத்துக்கு வந்ததும் நீங்களும் வெளிவாசல் எங்க இருக்குன்னு பாத்துட்டுத்தான் உக்காந்தீங்க, ஆன்ட்டி" என்றாள் ருக்ஷந்தா. "அதுக்காக எந்திரிச்சுப் போயிட்டீங்களா என்ன."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். சேதி திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சர்மத்தின் அண்ணன் அஸ்கரின் குரல் துணியைத் தாண்டி வந்தது. அவர் ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிறவர், குரல் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

"அஞ்சு நிமிஷம் பாப்போம். இல்லேன்னா வந்த பாராத் அப்படியே திரும்பிப் போகும்."

மாப்பிள்ளை ஊர்வலம் மண்டபத்திலிருந்து திரும்பிப் போனால், அந்த வீட்டில் அப்புறம் எந்தப் பெண்ணையும் கேட்டு ஆள் வரமாட்டார்கள். அம்மி மகளின் கையைப் பிடித்தாள். "ருக்ஷி, ஒன் கால்ல விழறேன். போட்டுரு. உங்கப்பா இருந்திருந்தா..."

ருக்ஷந்தாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தக் கன்றுக்குட்டிச் சத்தம் நினைவுக்கு வந்தது. அவனை இழந்துவிட்டால் இன்னொருவனைப் பிடிக்கப்போவதில்லை என்றும் தெரிந்தது. ஆனால் அம்மிக்குப் பின்னால் ஃபர்ஹத் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வயதில், மனைவியாகவும் இல்லாமல் வேறு யாராகவும் இல்லாமல், தங்கச்சி கல்யாணத்துக்காக எடுத்த பச்சைத் துணியில். ஃபர்ஹத் அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி, 'போடாதே' என்று தலையை அசைத்தாள்.

"போகட்டும்" என்றாள் ருக்ஷந்தா உரக்க. "பிரியாணிய மட்டும் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. தம்முல வச்சது வீணாப் போயிடும்."

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் அஸ்கருக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. "சர்மத், எந்திரி" என்றார்.

"டாக்டர் சாகிப்" என்று ருக்ஷந்தா கூப்பிட்டாள். "நீங்க போன்ல ஒண்ணு சொன்னீங்க. அத இங்க சொல்லுங்க."

திரைக்கு அப்பால் அவன் எழுந்தானா, உட்கார்ந்திருக்கிறானா என்று தெரியவில்லை. துணி லேசாக ஆடியது, குளிர்காற்று. ஒருவர் வாட்சைப் பார்த்துச் சலித்துக்கொண்டது கேட்டது. இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றாகவும் இருக்கலாம். அந்த மூன்று நிமிடத்தை ருக்ஷந்தா ஒருநாளும் மறக்கப்போவதில்லை. அதை அவனிடம் சொல்லிக்காட்டாமல் விடப்போவதும் இல்லை.

"ஆமா" என்றான் சர்மத் கடைசியில். "சொன்னேன். எழுதலாம்னு சொன்னேன்."

"உனக்குப் புத்தி இருக்கா?" என்றார் அஸ்கர். "உன் கையில இருக்கறதத் தூக்கி அவகிட்டக் குடுத்துட்டு நீ வெறுங்கைய வீசிட்டு நிப்பியா?"

ருக்ஷந்தாவுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. பதினோரு வருடம் செய்த வேலைக்கு இன்றைக்குத்தான் கேள்வி வந்திருக்கிறது.

"தஃப்வீஸ்னா அது இல்ல, பாய்ஜான்" என்றாள். "ஒரு ஹெட்மாஸ்டர் தன்னோட அதிகாரத்தக் கிளார்க்குக்கும் குடுக்கறார்னு வைங்க. அதோட ஹெட்மாஸ்டர் வேலை போயிடுமா? அவர் நாற்காலி அவருக்கு இருக்கும். உங்க தம்பியோட உரிமை அவர்கிட்டயேதான் இருக்கப்போகுது. ஒரு பூட்டுக்கு ரெண்டாவது சாவி, அவ்வளவுதான். வேணும்னா ஹாஜி சாகிபக் கேளுங்க, அங்கதான் எங்கயாவது உக்காந்திருப்பார். அந்த வாக்கியம் அவரோடது."

ஆண்கள் பக்கம் ஒரு கனைப்புக் கேட்டது. ஹாஜி இஃப்திகார் நெய் மணக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், இப்படி மாட்டுவோம் என்று நினைக்கவில்லை. "ஆமாங்க" என்றார். "அது நான் எழுதினதுதான்."

"இருந்தாலும் அடிச்ச கட்டத்துல எப்படி எழுதுறது?" என்றார் மௌல்வி. அவருக்கு உண்மையிலேயே அதுதான் கவலை. "அடிச்சது அடிச்சதுதானே. புதுப் படிவமும் இல்ல."

ருக்ஷந்தா அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். புத்தகத்தை மடியில் வைத்து, பதினெட்டாவது கட்டத்தில் கோட்டுக்குக் கீழே புள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, வரி முடிகிறவரை. ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினாள். நாலு பிரதியிலும் அதேபோல். இந்த வேலை அவள் கைக்குப் பதினோரு வருடப் பழக்கம்.

"இது என்ன கோலம்?" என்றார் மாமூ.

"அடிச்சதுக்குக் கீழே புள்ளி வச்சா அடிச்சது செல்லாது. ஓரத்துல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. முத்திரைத்தாள்ல திருத்தினா போடறதில்லையா, அந்த மாதிரி."

"இப்படியெல்லாம் யாரு செய்யறா?" என்றார் அஸ்கர்.

"நாப்பத்தஞ்சு வருஷமா நாங்க செய்யறோம்." இது ஹாஜி. குரலில் வழக்கமான குழைவு இல்லை. "குர்ஆன் தவிர இந்த பஜார்ல அச்சாகிற எந்தப் புத்தகமும் இந்தப் புள்ளி இல்லாம வெளிய வராது. புள்ளி வச்ச வரிக்கு உயிர் உண்டு. நானும் ஓரத்துல கையெழுத்துப் போடறேன், கொண்டாங்க. சீக்கிரம் கொண்டாங்க, பசிக்குது."

பசி நல்ல கூட்டாளி. பெண் வீட்டின் மானம், மாப்பிள்ளை வீட்டின் மானம் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த ஆண்கள், "அட எழுதித் தொலைங்கப்பா" என்றார்கள். அஸ்கர் திரும்பிப் பார்த்தபோது, அவரோடு சேர்ந்து வெளியேறத் தயாராக ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. புத்தகம் திரைக்கு அடியில் போனது. திரும்பி வந்தபோது பதினெட்டாவது கட்டத்தில், மாட்டுக்கு மருந்துச் சீட்டு எழுதுகிற கோணல் கையெழுத்தில், 'ஆம். நிபந்தனை இல்லை' என்று இருந்தது. ஓரத்தில் சர்மத், சாட்சிகள், ஹாஜி. கடைசியாக, சின்னதாக, மௌல்வி.

அம்மி மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறையாக அழத் தயாரானாள். மாமூ பேனாவை நீட்டினார்.

அப்போது ஃபர்ஹத் பேசினாள். காலையிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். "ருக்ஷி, என்னோடதுக்கும் இந்தப் புள்ளி வச்சாச் செல்லுமா?"

பொய் சொல்லலாம் என்று ருக்ஷந்தாவுக்கு ஒரு கணம் தோன்றியது. கல்யாண நாளில் ஒரு பொய் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் இது அக்கா.

"செல்லாது, பாஜி. ப்ரூஃப்லதான் செல்லும். உன்னோடது அச்சாயிடுச்சு."

ஃபர்ஹத் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை. நகர்ந்து வந்து, தங்கையின் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, எழுதாத படிவங்களைக் கட்டைவிரலால் புரட்டினாள்.

"மிச்சம் எத்தன கல்யாணம் இருக்கு, மௌல்வி சாகிப்?"

"பதினாலு" என்றார் மௌல்வி ஒன்றும் புரியாமல்.

ஃபர்ஹத் மாமூவின் கையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள். முதல் படிவத்தில், பெயர் இல்லாத ஒரு பெண்ணின் பதினெட்டாவது கட்டத்தில், கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்தாள்.

"மகளே, அது அரசாங்கப் புத்தகம்."

"நீங்க ஸ்கேல் வச்சு அடிச்சப்ப அது யாரு புத்தகம்?" என்றாள் ஃபர்ஹத், தலையைத் தூக்காமலேயே.

மௌல்வி மாமூவைப் பார்த்தார். மாமூ தரையைப் பார்த்தார். ஒன்பது வருடத்துக்கு முன் விரல் வைத்துக் காட்டிய மனிதருக்கு வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ருக்ஷந்தா ஃபர்ஹத்தின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். ஆனால் பேனா ஒன்றுதான் இருந்தது. அவள் கேட்கக்கூட இல்லை. திரைக்கு மேலாக, சட்டைக் கையில் மசிக்கறை படிந்த ஒரு கை நீண்டது. அதில் சிவப்புப் பேனா இருந்தது.

அக்கா கறுப்பில் வைத்தாள், தங்கை சிவப்பில் வைத்தாள். படிவம் ஒன்றுக்கு நாலு பிரதி. அந்தப் பக்கம் யாரோ பின்கட்டுக்குப் போய் தேக்சாவின் மாவைத் தட்டிப் பார்த்துவிட்டு வசை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒரு குழந்தை பேரீச்சம்பழம் கேட்டு அடம்பிடித்தது. மௌல்வி மெல்லக் குனிந்து, ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில், தான் தொடங்கிய கேள்வியை மறுபடி கேட்டார்.

"மகளே, டாக்டர் சர்மத்த ஏத்துக்கச் சம்மதமா?"

"இன்னும் ஒம்பது பொண்ணு இருக்கு, மௌல்வி சாகிப்" என்றாள் ருக்ஷந்தா, புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "முடிச்சுட்டுச் சொல்றேன்."